குதிரை மலையில் இரண்டு பெரியம்மா

கொள்ளு ரசம் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சளி கரையும், மூட்டு வலி குறையும் என்று பக்கத்து வீட்டுப் பெண் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தருகிறாள். நல்ல மனசு. வாங்கிக்கொள்கிறேன். அவள் போனதும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன். என் பெரியம்மாவை ஒரு சட்டி கொள்ளு ரசத்துக்காகத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்து, கொம்புச் சத்தத்தில் கண்விழித்து, இப்போது ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. உங்களில் சிலர் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரத் தொரைங்க மாதிரி வராதுங்க. நம்ம பாஷையையே படிச்சு நம்மகிட்ட பேசுனாங்களே!" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் துரையும் நம் பாஷை பேசினார். அவருக்குத் தமிழே தெரியாமல் இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

என் அம்மாவும் அப்பாவும் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் என்ற பெயரில் இருந்த கொட்டகைக்கு வாத்தியார் வருவது நின்றுபோனதால், லிந்துலைக்கு மேலே இருந்த தோட்டத்துக்கு, பெரியம்மா வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவருக்குப் பிள்ளை இல்லை. பெரியப்பா அந்தத் தோட்டத்துக் குதிரைக்காரர். படிக்கத்தான் போனேன். ஆனால் குதிரைகளைப் பார்த்த பிறகு பள்ளிக்கூடத்தில் கால் தங்கவில்லை. எனக்குத் தெரிந்த வாசிப்பில் பாதி பிறகு பஸ் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

துரைக்குக் குதிரைப் பைத்தியம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பந்தயம் நடக்கும். அதற்குச் சில மாதம் முன்பே அவருடைய குதிரைகளோடு, வேறு தோட்டத்துச் சிநேகிதர்களின் குதிரைகளும் மலைக்குளிரில் பழகட்டும் என்று எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும். ரயிலில் நானுஓயா வரை வரும். அங்கிருந்து பெரியப்பாவும் ஆட்களும் நடத்திக்கொண்டு வருவார்கள். ரயிலில் நின்று நின்று கால் மரத்துப்போய், புதுக் கல்யாணப்பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வரும்.

பங்களாவுக்கு நேர் கீழே தேயிலை வைக்காத ஒரு புல்வெளி இருந்தது. நாம் எதையும் மலை என்றுதானே சொல்வோம். அதற்குக் குதிரை மலை என்று பெயர். தை மாதத்தில் காலையில் போனால் புல் முழுக்க வெள்ளையாக உறைந்திருக்கும். மிதித்தால் நொறுங்கும். என் காலில் செருப்பு கிடையாது. குதிரை சற்று முன்பு நின்ற இடத்தில் சூடு இருக்கும். அந்த இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன். குதிரைகளுக்குக் கனத்த கம்பளி போட்டிருப்பார்கள். ஓரத்தில் சிவப்புப் பட்டை தைத்த, இரட்டை மடிப்புக் கம்பளி. எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த ஒற்றைக் கம்பளியைப் பெரியம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொள்வார், படுக்கும்போது மூன்று பேரும் இழுத்துக்கொள்வோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது குறையாகத் தெரியவும் இல்லை. குதிரைக்குக் குளிரும், நமக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தக் குதிரைகளுக்குத் துரைசாணி வைத்த இங்கிலீஷ் பெயர்கள் இருந்தன. எங்கள் வாயில் அவை நுழையவில்லை. லயத்து ஆட்கள் வேறு பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கும் கிழட்டு வெள்ளைக் குதிரைக்குக் கங்காணி என்று பெயர். கங்காணி காதில் விழாமல்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். சும்மா சும்மா கழுத்தை வளைத்துத் தன்னையே பார்த்துக்கொள்ளும் செம்பட்டைக்கு மாப்பிள்ளை. எலும்பு தெரிய நிற்கும் சின்னப் பெண்குதிரைக்கு அரைப்பேர். கொழுந்து நிறை குறைந்தால் நமக்கு அன்றைய கூலியில் பாதிதானே விழும்? அதைத்தானே அரைப்பேர் என்போம். அந்தக் குதிரைக்கும் எதிலும் பாதிதான் கிடைத்தது.

எல்லாவற்றிலும் பெரிய, கறுத்த பெண்குதிரை ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் அதுதான் வரும். அது குடித்து முடித்து, மூக்கை உதறி, நகரும் வரை மற்றவை வரிசையாக நிற்கும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா சொன்னார்: "நம்ம பீலிக்கரையில உங்க பெரியம்மா தண்ணி புடிக்கிற மாதிரியே இருக்கு பாரு. கொடம் ரொம்பி வழியிற வரைக்கும் எவளையும் கிட்ட உட மாட்டா." அன்றிலிருந்து அந்தக் குதிரை பெரியம்மா.

பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "சரி, அப்ப அந்தச் சொரணையில்லாத கெழட்டு வெள்ளைக்குப் பெரியப்பான்னு வைங்க" என்றார். பெரியப்பா, "அது ஏற்கெனவே கங்காணி. ரெண்டு பேரு வச்சா ரெண்டு பேருக்கும் ஆகாது" என்றார். லயமே சிரித்தது. கொள்ளு வாளியைத் தட்டி, "பெரியம்மா, வா!" என்று கூப்பிட்டால் அந்தக் கறுப்புக் குதிரை எங்கிருந்தாலும் தலையைத் தூக்கும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

பெரியம்மாவுக்கு அந்தச் சீசனில் கொழுந்து மலையில் வேலை இல்லை. லாயத்துக்குப் பின்னால் செம்புக் கொப்பரையில் கொள்ளு அவிப்பதுதான் வேலை. கொள்ளு வெடித்துப் பிளக்கும் வரை அவித்து, தண்ணீரை வடித்து, ஆறவைத்து, தவிடும் உப்பும் கலந்து வாளிகளில் போட்டுக் கொடுப்பார். பெரியப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு போவோம். வடித்த தண்ணீர் கறுஞ்சிவப்பாக, தேயிலைச் சாயம் போல இருக்கும். அது கழிவு ஓடும் கானுக்குத்தான் போக வேண்டும். கானில் கொட்டுவதில் ஒரு செம்பை எடுத்து, புளி கரைத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ரசம் வைப்பார். மழைக்காலத்தில் லயத்தில் யார் மூக்கை உறிஞ்சினாலும் பெரியம்மாவிடம்தான் வருவார்கள். கண்டாக்கு ஐயா, அதுதான் தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்ப்பவர், நெஞ்சுச்சளி கட்டிப் படுத்தபோது அவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. "ஐயாவுக்கு நல்லா காரமா வச்சுத் தரச் சொன்னாங்க." பெரியம்மா வைத்துக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா குதிரைகளுக்குக் கொள்ளு வைப்பது ஒரு தினுசு. மண்ணெண்ணெய்த் தகரங்களைப் பாதியாக வெட்டி வைத்திருந்தார். குதிரைகளைவிடத் தகரங்கள் கூடுதல். அவற்றைப் புல்வெளி முழுக்கத் தள்ளித் தள்ளி, ஒரு குதிரை உதைத்தால் இன்னொன்றுக்கு எட்டாத தூரத்தில் வைப்பார். பெரியம்மாக் குதிரை தன்னுடையதை ஒரு வாய் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போகும், அங்கே தின்றுகொண்டிருந்தது ஓடி வேறொன்றுக்குப் போகும், அதிலிருந்தது இன்னொன்றுக்கு. நாற்காலி சுற்றி ஓடும் விளையாட்டு மாதிரி எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் எப்போதும் ஒரு தகரம் காலியாக நிற்கும். கடைசியாகத் துரத்தப்படும் அரைப்பேருக்கும் ஒரு தகரம் மிஞ்சும். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கூட்டமாக மாடு வளர்த்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அந்த வருஷம் துரைசாணிக்கு ஓர் ஆசை வந்தது. பங்களாவில் கண்ணாடி ஜன்னலுக்கு எதிரே காலைத் தேத்தண்ணி குடிப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் குதிரைகள் ஆளுக்கொரு பக்கம் தகரத்தில் தலையை விட்டுக்கொண்டு நிற்பது அசிங்கமாக இருக்கிறதாம். சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த படத்தில் குதிரைகள் வேலியோரம் ஒரே வரிசையில் நின்று தின்னுமாம். அதே மாதிரி வேண்டும். தச்சு ஆசாரியை வைத்து நீளமாக ஒரு மரத்தொட்டி செய்து, வேலியோரம் நட்டார்கள். பச்சை வர்ணம் அடித்தார்கள். இனிமேல் எல்லாக் கொள்ளும் அதில்தான்.

"காலைப் பெரட்டுல பேர் கூப்புட நம்மள நிக்க வைக்கிற மாதிரி அதுகளையும் நிக்க வைக்கப் பாக்குறாங்க" என்றார் பெரியப்பா. "நாம பயந்து நிப்போம். அது நிக்குமா?"

நிற்கவில்லை. பெரியம்மாக் குதிரை தொட்டியின் நடுவில் வந்து நிற்கும். காதைப் பின்னால் மடித்து, இந்தப் பக்கம் ஒரு கடி, அந்தப் பக்கம் ஓர் உதை. அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டும் ஓரங்களில் தின்னும். கங்காணி பொறுத்திருந்து மிச்சத்தை நக்கும். அரைப்பேர் கிட்டவே வராது. தூரத்தில் நின்று புல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும். நான் ஒருநாள் பாவாடையில் கொஞ்சம் கொள்ளை முடிந்துகொண்டு போய் மூலையில் வைத்து அதற்குக் கொடுத்தேன். கறுப்புக் குதிரை பின்னாலேயே வந்ததை நான் பார்க்கவில்லை. தோள்பட்டையில் கடித்தது. அந்த வடு இப்போதும் இருக்கிறது. குளிர் நாளில் நோகும். பெரியம்மா மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு, "என் பேர வச்சுக்கிட்டு என் புள்ளையவே கடிச்சிருக்கே, அந்த நாயி" என்று திட்டினார்.

பெரியப்பா கண்டாக்கிடம் போய்ச் சொன்னார். பழையபடி தகரத்தில் வைக்கட்டுமா என்று கேட்டார். "தொரசாணி சொன்னதுக்கு நீ மறுத்துப் பேசுறியா? சொன்னதச் செய்யி" என்று கண்டாக்கு அனுப்பிவிட்டார். மாசியில் அரைப்பேரின் விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். அது வேறு ஒரு துரையின் குதிரை. சீசனுக்கு முன்னால் அவர் வந்து பார்ப்பதாக இருந்தது.

ஒரு காலை எங்கள் துரை புல்வெளிக்கு இறங்கி வந்தார். கூடப் பெரிய கிளாக்கர் ஐயா. அவர் யாழ்ப்பாணத்து ஆள். ஆபீசில் துரைக்கு அடுத்தவர். நான் காலி வாளியோடு பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். துரை அரைப்பேரின் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"குதிரைக்காரன்! கொள்ளு ஸ்டோர்ல சரியா குடுக்குது. இந்தக் குதிரை கொள்ளு யார் சாப்பிடுது?"

பெரியப்பாவுக்கு மூச்சு வந்தது. கேட்க மாட்டாரா என்று எத்தனையோ நாளாகக் காத்திருந்தவர்.

"பெரியம்மாதானுங்க தொரைங்களே! எல்லாத்தையும் அவளே தின்னுப்புடுறா. இந்தச் சின்னதுக்கு ஒரு வாய் உட மாட்டேங்குறா."

"பெரியம்மா?"

"ஆமாங்க."

"உனக்கு முன்னாடி தெரியுமா?"

"மொதல்லேருந்தே தெரியுங்க. என்ன பண்றதுங்க? திட்டிப் பாத்தேன், அடிச்சும் பாத்தேன். கேக்க மாட்டேங்குறா. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்."

துரை லாயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கொப்பரைப் புகைக்கு நடுவில் பெரியம்மா குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் நாளெல்லாம் "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிவது துரைக்கும் கேட்டிருக்கும். "நல்லது. நீ உண்மை பேசுது" என்று பெரியப்பாவின் தோளில் பிரம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். பெரிய கிளாக்கர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறக்கப்போகிற மாதிரி இருந்தது. திறக்கவில்லை. துரைக்குப் பின்னால் போய்விட்டார்.

பெரியப்பா அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏ புள்ள, தொரைக்கு வெளங்கிருச்சு! தமிழ்லயே கேட்டாரு, நானும் ஒண்ணு விடாம சொல்லிப்புட்டேன். நாளைக்கே தொட்டிய புடுங்கிடுவாங்க பாரு" என்றார். பெரியம்மா சந்தோஷத்தில் ரசத்துக்கு இன்னும் ஒரு கிள்ளு மிளகு போட்டார்.

சோற்றைப் பிசைவதற்குள் கண்டாக்கு ஐயா காவல்காரனோடு வந்துவிட்டார். செருப்போடு காம்பராவுக்குள் ஏறினார். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பாயை உதறினார்கள். கூரைக்குக் கீழே அட்டாலில் இருந்த, என் அம்மா கொடுத்தனுப்பிய தகரப் பெட்டியை இழுத்துப் போட்டார்கள். அதன் கீல் அன்றைக்குத்தான் உடைந்தது. எங்குமே ஒரு பிடி கொள்ளு கிடைக்கவில்லை. பிறகு அடுப்பின் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"இது என்னாடி வாசம்?"

"ரசமுங்க ஐயா. வடிச்சுக் கொட்டுற தண்ணிங்க."

"கொள்ளுத் தண்ணி."

"கானுல கொட்டுற தண்ணிங்க. நீங்க சளியில படுத்திருந்தப்ப இதத்தானே ஐயா குடிச்சீங்க?"

காவல்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு வினையாயிற்று என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. கண்டாக்கின் முகம் மாறியது. "தண்ணியும் தோட்டத்துதுதாண்டி" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் காவல்காரன் கையில் தூக்கிக் கொடுத்தார். சட்டியின் அடியில் உடைந்த கொள்ளு நாலைந்து கிடந்திருக்கும். அதுதான் சாட்சி.

மறுநாள் காலைப் பெரட்டு. பனி இன்னும் எழும்பவில்லை. கூடையும் கொங்காணியுமாக எல்லோரும் வரிசையில் நின்றார்கள். துரை மேசைக்குப் பின்னால் நின்றார். மேசை மேல் எங்கள் ரசச்சட்டி.

"பெரியம்மா, முன்னுக்கு வா!" என்றார்.

சனம் கொல்லென்று சிரித்தது. துரை அதைப் பெரியம்மாவின் பெயர் என்றே நினைத்திருக்கிறார். உறவு எது, பெயர் எது என்று தெரியாத தமிழ். பெரியம்மா வரிசையிலிருந்து வந்து நின்றார். "நீ குதிரை கொள்ளு திருடுது. உன் புருஷன் சொல்லிட்டுது."

பெரியப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலைப்பாகை கையோடு வந்துவிட்டது. "ஐயோ தொரைங்களே! நான் சொன்னது குதிரைங்க! அந்தக் கறுப்புக் குதிரைங்க! அதுக்குத்தான் பெரியம்மான்னு பேரு!"

மறுபடியும் சிரிப்பு. துரையின் காது சிவந்தது. "நேத்து ஒரு பேச்சு. இன்னைக்கு ஒரு பேச்சு. என் குதிரைக்கு பேர் இருக்குது. நீ பொய் பேசுது. பெண்சாதிக்காக."

"கிளாக்கர் ஐயா, நீங்களும் நின்னீங்களே! சொல்லுங்கையா, அவருக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்கையா!" என்று பெரியப்பா கும்பிட்டார். பெரிய கிளாக்கர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சப்பாத்தில் என்ன இருந்ததோ.

பெரியம்மா அழவில்லை. பெரட்டுக் களத்தில் பெண்கள் துரையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "தொரைங்களே, என்னையத் தொரத்துங்க. ஆனா ஒரே ஒரு தடவ கொள்ளு வைக்கிற நேரத்துல மலைக்கு வந்து நில்லுங்க. யாரு தின்னுறாங்கன்னு உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் தொரத்துங்க."

துரை சொன்னார்: "நான் தினம் பாக்குது."

இதை நான் பிற்பாடு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நினைத்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தினம் பார்த்தார்தான். பங்களா அப்பு, அதாவது அங்கே சமைப்பவர், எங்களிடம் பிறகு சொன்னார். கறுப்புக் குதிரை அரைப்பேரைக் கடித்துத் துரத்துவதைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துத் துரைசாணி கைதட்டிச் சிரிப்பாராம். துரையையும் கூப்பிட்டுக் காட்டுவாராம். குதிரைகள் விளையாடுகின்றன என்று இரண்டு பேரும் ரசித்துக்கொண்டே ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்களாம். எந்தத் திருடனை எங்கள் பானைக்குள் தேடினார்களோ, அந்தத் திருடனைத் தினமும் தேத்தண்ணியோடு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று மத்தியானம் ஆபீசின் பின்கதவில் பெரிய கிளாக்கரைப் பெரியப்பா பிடித்தார். நானும் கூட நின்றேன். கிளாக்கர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "எனக்கு விளங்கினதுதான். ஆனா நீர் யோசிச்சுப் பாரும். தனக்குத் தமிழ் தெரியும் எண்டு துரை கொழும்பு வரைக்கும் பெருமை அடிச்சுக்கொண்டு திரியிறார். அவ்வளவு சனத்துக்கு முன்னால, துரை, உங்களுக்குத் தமிழ் விளங்கேல்லை எண்டு நான் சொல்லுறதோ? எனக்கும் பிள்ளையள் இருக்குது."

"தனியாவாச்சும் சொல்லுங்கையா."

"பாப்பம். நேரம் வரட்டும்."

நேரம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று சிலர் சொல்வீர்கள். பிள்ளைகளை நினைத்துப் பயந்த மனுஷன் என்பீர்கள். எனக்கு அந்த நியாயம் வேண்டாம். அவர் திறக்காத வாய்க்கு நாங்கள் காம்பராவைக் கொடுத்தோம்.

லயத்து ஆட்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. எல்லோருக்கும் உண்மை தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள்தானே எல்லோரும்? ஒருவர் கூட வரிசையிலிருந்து வெளியே வந்து, "ஆமாம், குதிரைக்குத்தான் அந்தப் பெயர்" என்று சொல்லவில்லை. சாயங்காலம் பீலிக்கரையில் பெரியம்மா குடத்தை வைத்ததும், பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள்: "என்னா பெரியம்மா, இன்னைக்குக் கொள்ளா, புல்லா?" அவள் பிள்ளைக்குக் கக்குவான் வந்தபோது ரசத்தை ஊட்டிவிட்டது இதே பெரியம்மாதான். எளந்தாரிப் பயல்கள் மேட்டில் நின்று குதிரை மாதிரி கனைத்தார்கள். பெரியம்மா குடம் நிரம்பும் முன்பே எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் பாதிக் குடத்தோடு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலையை விட்டு நீக்கிய பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, காம்பராவைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான் அதிகம் இல்லை. கீல் உடைந்த பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். ஒற்றைக் கம்பளியில் பாத்திரங்களைச் சுற்றினோம். ரசச்சட்டியைக் கண்டாக்கு திருப்பித் தரவே இல்லை. கறுத்துப்போன, வாய் ஓரத்தில் லேசாகச் சில்லு பெயர்ந்த மண்சட்டி. பெரியம்மாவின் அம்மா கொடுத்ததாம். அது இல்லாமல் ரசம் வைத்தால் ருசி வராது என்று பிறகு பெரியம்மா ரசம் வைப்பதையே விட்டுவிட்டார்.

பஸ்ஸுக்குப் போகும் பாதை குதிரை மலையை ஒட்டித்தான் போகும். கொள்ளு வைக்கிற நேரம். புதுக் குதிரைக்காரன் வாளியோடு நின்றான். பச்சைத் தொட்டி முன்னால் கறுப்புக் குதிரை நின்று தின்றுகொண்டிருந்தது. அரைப்பேர் மூலையில் நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னால் வேகமாகப் போனார்கள். என் கையிலிருந்த மூட்டை அவிழ்ந்து ஓர் ஈயக் கோப்பை பள்ளத்தில் உருண்டது.

"பெரியம்மா!" என்று கத்தினேன். "நில்லுங்க பெரியம்மா!"

பெரியம்மா திரும்பினார். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம், தொட்டியிலிருந்து தலையைத் தூக்கி, காதை நிமிர்த்தி, வாயில் கொள்ளு ஒழுக, அந்தக் குதிரையும் திரும்பிப் பார்த்தது. கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெரியம்மா பள்ளத்தில் இறங்கிக் கோப்பையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இனிமே என்னைய அப்புடிக் கூப்புடாத" என்றார். "அந்தப் பேரு அந்தக் குதிரைக்கே இருக்கட்டும்."

மஸ்கெலியாவில் என் அப்பா அம்மாவின் காம்பராவில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு படுத்தோம். பெரியம்மா பேர்ப் பதிவில்லாமல் அன்றன்றைக்குக் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தார். அந்தத் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்த ஒருத்தி பிறகு கதை சொன்னாள். புதுக் குதிரைக்காரனையும் அதே கொள்ளுத் திருட்டுக்காகத் துரத்தினார்களாம். அவனுக்கு அடுத்து வந்தவனையும் சோதனை போட்டார்களாம். அரைப்பேர் கீழே விழுந்து எழும்பவில்லை; சுட்டுப் புதைத்துவிட்டார்களாம். பெரியம்மா கூடையைப் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பொதைக்கிறப்பவாச்சும் அதுக்கு முழுப்பேரு போட்டாங்களாமா?" என்றார். பச்சைத் தொட்டியை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

நான் ஓரிடத்தில் தங்கவில்லை. கொழும்பில் வீட்டு வேலை, பதுளையில் கடை, அட்டனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இடியப்பம், எங்கெங்கோ சுற்றினேன். எப்போதாவது மஸ்கெலியாவுக்குப் போவேன். வாசலில் நின்று செருமுவேன். உள்ளேயிருந்து, "வந்துட்டியா?" என்று குரல் வரும். அம்மா என்று கூப்பிட முடியாது. அம்மா பக்கத்திலேயே இருந்தார். அத்தை என்றால் உறவு தவறு. கடைசி வரை என் பெரியம்மாவைக் கூப்பிட எனக்கு ஒரு சொல் இல்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே காலம் போயிற்று. துரை சீமைக்குப் போனபோது மாலை போட்டு, மேளம் வைத்து அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். தமிழிலேயே நன்றி சொன்னாராம். எல்லோரும் கண் கலங்கினார்களாம்.

பெரியம்மா செத்தபோது நான் பதுளையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். தூக்கப்போகிற நேரம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி அக்கா என்றாள், ஒருத்தி அத்தை என்றாள், ஒருத்தி மதினி என்றாள். அவரவருக்குக் கூப்பிட ஒரு சொல் இருந்தது. எனக்கு இடம் விட்டு விலகினார்கள். நான் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

பாடை பாதையில் இறங்கித் திரும்பும் இடம் வரை பேசாமல் நின்றேன். பிறகுதான் ஓடினேன். கூப்பிடாதே என்று சொன்ன அந்தச் சொல்லைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.